அழைக்காமல் இறக்கிய கொடி

எண்பதுகளின் தொடக்கத்தில் டில்லி சாணக்யபுரியில் ஒரு வாடகை பங்களாவுக்குக் காவலாளியாக இருந்தேன். அது ஒரு தூதரகம். அதற்குப் பின்னால் நாடு என்று ஒன்று இல்லை. மக்கள் இருந்தார்கள், தலைவர் இருந்தார், கொடி இருந்தது. ஊன்றி நிற்க ஒரு சாண் மண் கிடையாது. வெறும் அலுவலகமாக இருந்ததை அப்போதுதான் நம் அரசாங்கம் தூதரகமாக ஏற்றுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இது பிடிபடவில்லை. கரோல் பாக்கில் குடியிருந்த நண்பர் ஒருவர் அரசாங்கத்தில் குமாஸ்தா. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்க வந்தவரைக் கூச்சத்தோடு கேட்டேன்.

"மண் இல்லாட்டா என்ன ஓய்? மத்த நாடெல்லாம் ஒத்துண்டா அதுவும் ராஜ்யம்தான். அந்தக் காம்பவுண்டுக்குள்ள நம்ம போலீஸ்கூடக் கேக்காம நுழையப்படாது. ஆனா புதுசோன்னோ, ஒரு தப்பு நடந்தா இவாளுக்கு முறை தெரியலைன்னு சிரிப்பா. பாத்து இரும்" என்றார்.

காலையில் கொடி ஏற்றுவது என் வேலை. ஒரு ஜனவரியில் மூடுபனி தரையோடு படுத்திருந்தது. கட்டடம், சுவர், சாலை எதுவும் தெரியவில்லை. வெளுப்புக்கு மேலே கொடிகள் மட்டும். எல்லா நாடுகளும் மண்ணை விட்டுக் கிளம்பி மிதப்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. எதிர்த்த தூதரகத்தின் கொடி மட்டும் பாதிக் கம்பத்தில் இருந்தது. அவர்கள் ஜனாதிபதி இறந்துவிட்டார் என்று பனிக்குள்ளிருந்து அவர்கள் தோட்டக்காரர் சொன்னார்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போவோம். சாவுக்கு யாரும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் போய் நிற்க வேண்டும். எங்கள் கொடியை உச்சிவரை ஏற்றி, பாதிக்கு இறக்கிக் கட்டினேன். கை தானாகச் செய்தது.

தூதர் சால்வையோடு வெளியே வந்தார். மேலே பார்த்ததும் முகம் மாறியது.

"கிஸ்னே போலா?" யார் சொன்னது என்று கேட்டார்.

இந்திய அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் இறக்க வேண்டுமாம். எல்லாருக்கும் வந்து நமக்கு மட்டும் வராவிட்டால், நம்மைத் தூதரகமாக நினைக்கவில்லை என்று பொருளாம். வராத கடிதத்துக்குக் கொடி இறக்கினால் கேலிதான்.

"சாப், மௌத் மே புலாவா நஹீ ஹோத்தா" என்றேன். சாவுக்கு அழைப்பு கிடையாது என்பதை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். கயிற்றை விடாமல் நின்றேன்.

அவர் எதிர்த்த தூதரகத்தின் கொடியைப் பார்த்தார். "ரஹ்னே தோ" என்றார். இருக்கட்டும்.

பகலில் அரசாங்கக் கடிதம் கொண்டுவந்தவரின் ஸ்கூட்டர் வாசலுக்கு வாசல் நின்றது. மற்றக் கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கள் கேட்டில் அது நிற்கவில்லை. ஜன்னலில் நின்ற தூதரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலையில் எதிர்த்த தூதர் கறுப்புக் கோட்டில் நடந்தே சாலையைக் கடந்து வந்தார். இருவரும் புல்தரையில் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று நாள் துக்கம் முடிந்த மறுநாள் எங்களுக்கும் கடிதம் வந்தது. தூதர் அதைப் பிரிக்கவில்லை. உறையின் மேலே எழுதியிருந்ததை விரலால் தொட்டு எனக்குக் காட்டி, தூதரகம் என்று போட்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தலையாட்டிவிட்டு, கொடியை உச்சிக்கு ஏற்றப் போனேன்.