ஜடைக்கு ஒரு சீட்

போன வெள்ளிக்கிழமை விடிகாலை. பெரம்பலூர். வாசலில் என் புதுக் கார் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் கதவருகே தலையிலிருந்து இடுப்பு வரை மல்லிகை வழிய ஒரு தோட்டமே நிற்கிறது... என் அக்கா மகள் கயல். செட்டிகுளம் முருகன் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். மலையில் அலங்காரத்துக்கு வசதிப்படாது என்று வீட்டிலேயே எல்லாம் முடித்தாயிற்று.

தோட்டம் காரில் ஏறியது. சாய்ந்தது. அலறியது.

"மாமா, ஹெட்ரெஸ்ட் இடிக்குது! பூவெல்லாம் நசுங்குது!"

இதென்ன பிரமாதம்? எத்தனை கல்யாணக் கார்களில் ஹெட்ரெஸ்ட்டுகள் டிக்கியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்! தலை சாய்க்கிற அந்த மெத்தையைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம். ரேஸ் கார் மாதிரி சீட்டும் அதுவும் ஒரே உடம்பு.

"அது வராது மாமா," என்றாள் கயல், தரையைப் பார்த்தபடி. "வரக்கூடாதுன்னு டிசைன் பண்ணதே எங்க டீம்தான்."

சொல்ல மறந்துவிட்டேனே... கயல் சென்னையில் ஒரு கார் கம்பெனியில் சீட் வடிவமைக்கிறவள். அவள் சொல்லித்தான் இந்தக் காரையே வாங்கினேன். 'பார்க்கவும் ஸ்டைல், யாரும் கழட்டவும் முடியாது. பின்னாடி ஒரு வண்டி இடிச்சா கழுத்தைக் காப்பாத்துறது அதுதான்!' அழகும் பத்திரமும் கைகோத்து வந்து நின்றால் யார்தான் மயங்க மாட்டார்கள்?

"இவ்வளவு யோசிச்சவங்க, பூ வைக்கிறதை யோசிக்கலையா?"

"இடிச்சுப் பார்க்க உட்கார வைக்கிற பொம்மைக்கு ஜடை இல்லையே மாமா!"

அப்போதுதான் உறைத்தது. உலகத்துக் கார்களெல்லாம் ஒரு மொட்டைத் தலையை மனதில் வைத்து வரையப்பட்டவை. நம் ஊர்க் கொண்டைகளும் கனகாம்பரங்களும் எங்கே போய்ச் சாய்வது?

"முன்னாடி தள்ளி உக்காரு. பெல்ட்டும் வேணாம், பட்டு கசங்கும். அரை மணி நேரந்தானே?" இது அக்கா.

"மேல கண்ணாடி தொறக்கும்ல? நின்னுக்கிட்டே வரட்டும். சாமி பொறப்பாடு மாதிரி இருக்கும்!" இது சித்தப்பா.

பெல்ட் போடாமல் வண்டி எடுக்க மாட்டேன் என்று சாவியைப் பைக்குள் போட்டேன். திருச்சி ரோட்டில் ஓடுவது பல்லக்குகளா? சிமென்ட் லாரிகள்! முகூர்த்த நேரமோ கரைந்துகொண்டிருந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. "இருக்கறது ஒரே பொண்ணு. இந்த ஜடையோட அவ படி ஏறணும்னு எத்தனை நாளா நெனச்சிருந்தேன்..."

கயல் அம்மாவைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அலங்காரம் செய்த உமாவிடம் திரும்பினாள்.

"உமாக்கா, இந்தப் பூ ஜடையை அப்படியே கழட்டுங்க. கோயில் வாசல்ல மறுபடி வச்சுடலாம்ல?"

உமா வாயிலிருந்த ஹேர்பின்னை விழுங்கப் பார்த்தாள். "வச்சுடலாம் கண்ணு... நசுங்காம வந்து சேந்தா."

ஆக, முன்சீட்டில் ஜடை. தலையணை வைத்து நிமிர்த்தி, குழந்தைக்குப் போடுவது போல கயலே பெல்ட் மாட்டிவிட்டாள். பின்சீட்டில் அக்கா, கயல், உமா. மூவருக்கும் பெல்ட்.

கிளம்பினோம். இருபுறமும் மக்காச்சோளக் காடு, தோகையெல்லாம் வெயில். காருக்குள் ஏ.சி. காற்றா வந்தது? மல்லிகை வந்தது! ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்கு இறக்கை முளைத்துவிடும் போலிருந்தது...

ஆலத்தூர் கேட் பக்கம் முன்னால் போன லாரி திடுக்கென நின்றது. மிதித்தேன். டயர் கிறீச்சிட்டது. அத்தனை பெல்ட்டும் இறுகின. லாரியின் முதுகை முத்தமிடாத குறை.

பின்னாலிருந்து மூன்று குரல், ஒரே சமயத்தில்:

"ஜடை!"

ஒரு பூ உதிரவில்லை. சிரித்தோம், சிரித்தோம், கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்காவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிளம்பிட்டீங்களா அத்தை?"

"ஜடை பத்திரமா வருது மாப்ள!"



"அத்தை... கயல்?"

"அவ பின்னாடி உக்காந்திருக்கா."

"பெல்ட் போட்டிருக்காளா?"

"போட்டிருக்கேன்!" என்று கத்தினாள் கயல். கண்ணாடியில் பார்த்தேன். எந்த அலங்காரமும் கொடுக்காத ஒரு சிவப்பு அவள் முகத்தில்.

கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது. கெட்டிமேளம் மட்டும்தான் பாக்கி.