சவுரியம்மாள் தலைவாரும் நேரம்

"தலைய ஆட்டாத, கண்ணு. சிக்கு எடுக்க வேணாமா?"

சனிக்கிழமை மாலை. வேலூரில் டாக்டருக்குப் படிக்கும் பெண்களின் விடுதி. பார்க்க வந்த உறவினர்கள் வேப்பமரத்தடியில் காத்திருப்பார்கள். தலைபின்னிப் பூ வைக்காமல் ஒரு பெண்ணையும் அவர்கள் முன் அனுப்பமாட்டாள் விடுதிக் காவல்காரி சவுரியம்மாள்.

கட்டைக் குரல். கறுத்த, பருத்த கைகள். வாயில் ஓயாத வெற்றிலை. கல்லூரியை நடத்தும் பெரிய டாக்டரம்மா கடந்தால் மட்டும் அது கன்னத்துக்குள் ஒளிந்துகொள்ளும். சீப்பில் வரும் முடியை விரலில் சுற்றிப் பார்ப்பாள். "ஜாஸ்தி கொட்டுது. பரீட்சைக்குப் பயந்தா இவ்ளோ கொட்டாது. ஊட்ல இன்னா நடக்குது, சொல்லு." முகம் பார்த்துச் சொல்லமுடியாததையெல்லாம் பெண்கள் அவளுக்கு முதுகு காட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

என் தங்கை மகளைப் பார்க்கப் போயிருந்த அன்று, சவுரியம்மாள் முன் தேவகி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கலவை ஊரிலிருந்து அவள் சித்தப்பா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தேவகியின் தாயாருக்கு உடம்பு மோசம், உடனே புறப்படவேண்டும் என்றார்.

"சவுரிம்மா, என்னை ஆம்பூர் தோல் மண்டிக்காரருக்கு ரெண்டாந்தாரமா பேசிட்டாங்க," என்றாள் தேவகி மெல்ல. "நான் செத்துட்டேன்னு சித்தப்பா வந்து சொன்னாலும் வண்டி ஏறாதேன்னு அம்மா போன லீவுலயே சொல்லிச்சு. ஆனா நெசமாவே முடியலன்னா?"

அந்தக் குழந்தையின் தோள்கள் குலுங்கின. சவுரியம்மாள் பாதி பின்னியிருந்த சடையை முழுக்க அவிழ்த்துவிட்டாள்.

"இன்னாம்மா இவ்ளோ நேரம்? பொழுது சாயுதில்ல?" என்றார் சித்தப்பா.

"அவுத்த தலையோட பொண்ண வாசப்படி தாண்டச் சொல்றியா, நைனா? உங்க ஊட்ல அப்டித்தான் வழக்கமா?"

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டுக்கோலத்தில் பெண்ணை வண்டியேற்ற எந்த மனிதருக்குத் துணிவு வரும்?

"இவள உள்ள கூட்டிப்போ. நான் சொல்றவரைக்கும் பின்னாத," என்று தேவகியை என் தங்கை மகளிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள் சவுரியம்மாள். பெரிய டாக்டரம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். மாற்றுப்புடவையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பொண்ணு இப்பத்தான் மொத வருஷம். அது வந்து இன்னா வைத்தியம் பண்ணும்? நான் வர்றேன். உங்க அண்ணிக்கு நெசமா சீக்குன்னா இதே வண்டியில படுக்கவெச்சு இட்டாந்துடலாம். ஆஸ்பத்திரி இங்கதான இருக்குது."

சித்தப்பாவின் முகம் வெளிறியது. "உனக்கு ஏம்மா வீண் பேஜாரு?"

கலவையில் அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. ஏமாந்த ஆத்திரத்தில் அந்த வீட்டார் அவளை என்ன செய்வார்களோ! அவளுக்கோ வெற்றிலை மெல்லும் தாளம்கூடத் தப்பவில்லை.

வண்டியின் பின்படியில் கால்வைத்து ஏறினாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நகர்ந்து, எதிரே இருந்த இடத்தைச் சித்தப்பாவுக்காக உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.