பவுல்துரையின் கால் அளவு

பெரணமல்லூர் சாலையோரம் அமலி குடும்பம் வாங்கிய மனையை அதற்கு முன் மூன்று பேர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தார்கள். கிழக்கே மேடு, மேற்கே போகப் போக மூன்றரை அடி பள்ளம். ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஊரே சொன்னது. எதிர் மனைக்காரன் நானும் சொன்னேன்.

அமலியின் கணவன் பவுல்துரை பட்டு நெசவாளி. ஆரணித் தெருக்களில் தலை தனியாகத் தெரியும் நெட்டை. தறியில் உட்காருகிறவன் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் இறக்கித்தான் மிதிக்க வேண்டும். வாடகை வீட்டுக் குழி யாரோ ஒரு குள்ளனுக்கு வெட்டியது. அதில் பதினோரு வருடம் முழங்காலை மடக்கிக்கொண்டு நெய்தான். சொந்த வீட்டுக்கு அவன் பறந்ததெல்லாம் ஒரு ஆழமான குழிக்காகத்தான். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, அமலியிடம் கொடுத்து வைத்திருந்தான்.

1981 ஆனியில் மேஸ்திரி சடையப்பன் வேலையை ஆரம்பித்தார். மேட்டை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டினார்கள். மேற்கே கருங்கல் சுவர் எழுப்பி, அரையடிக்கு ஒருதரம் தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். பிறகு டியூப்பில் தண்ணீர் பிடித்து நாலு மூலையும் மட்டம் பார்த்தார்கள். தறி மட்டும் வெட்டின பக்கத்தில்தான் வர வேண்டும், கொட்டின மண்ணில் குழி நிற்காது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடனே தரை போட வேண்டும் என்று பவுல்துரை நச்சரித்தான்.

"கொட்டின மண்ணு ஒரு மழ குடிச்சி அடங்கணும்பா. ஜல்தி பண்ணா தரை பொளந்துக்கும்" என்றார் சடையப்பன்.

மழை வந்தது. மண் அடங்கியது. ஐப்பசியில் மஞ்சள் காமாலை கண்டு பன்னிரண்டே நாளில் பவுல்துரை போய்விட்டான். கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அமலி கையில் மண்ணோடு நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன பிறகுதான் போட்டாள். அழவில்லை. மறுநாள் வாடகை வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

பொங்கல் கழிந்து மேஸ்திரி வந்தார். சுவரும் கூரையும் முடிந்து, தரைக்கு ஜல்லி கலக்கும் நாளும் வந்தது. பவுல்துரையின் அண்ணன் தாவீது, குழியே வேண்டாம், சமமாகத் தரையைப் போட்டுப் பாதியை வாடகைக்கு விடலாம் என்றார். தறி போனால் அமலி நூல் சுற்றும் கூலிக்குத்தான் வீடு வீடாகப் போக வேண்டும். அவளோ, கல்யாணத்துக்கு முன்பே அப்பன் தறியில் புடவை நெய்து இறக்கியவள். ஆனாலும் ஜல்லிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏம்மா, குழி உண்டா இல்லியா? சிமெண்ட் ஊத்திட்டா அப்பறம் ஒடைக்க முடியாது" என்றார் மேஸ்திரி.

"வெச்சிடுங்க."

"கால் அளவு?"

அமலி வாடகை வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்து கொடுத்தாள். யார் அளவு என்று மேஸ்திரி கேட்கவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் எங்கே தோன்றியது?

சித்திரையில் தறி இறக்கினார்கள். ஜெபம் முடிந்து, அமலி குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை இறக்கினாள். கால் மிதிக்கட்டையைத் தொடவில்லை. கட்டை நாலு விரல்கடை கீழே இருந்தது. இரண்டு காலும் தொங்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தப்பு தன்னுடையது, குழியில் ரெண்டு கூடை மண் போட்டு இடித்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று கூடையை எடுத்தார்.

"வேணாங்க மேஸ்திரி" என்றாள். "அவுரு மேல ஒரு பிடி போட்டேன். இதுலயும் போட என்னால ஆவாது."

அப்போதுதான் அழுதாள். மேஸ்திரி கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அன்று சாயங்காலமே மிதியின் மேல் அவள் கால் எட்டும் உயரத்துக்குப் பலகை வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஏழு வருடமாக அந்தப் பலகை மேல்தான் மிதித்துக்கொண்டிருக்கிறாள். பலகைக்குக் கீழே அந்த நாலு விரல்கடை அப்படியே இருக்கிறது.