ரெண்டு மோட்டார், ஒரு செப்டிக் டேங்க்

வில்லியனூர்ல காலேஜ் பசங்களுக்கு ரோபோ செஞ்சு குடுக்கறது என் தொழில். செஞ்சது ஓடினா பசங்க கெட்டிக்காரங்க, ஓடலைன்னா நான் ஏமாத்துக்காரன். கடை வச்சு வாங்கிக் கட்டிக்கிறவங்களுக்கு இதை விளக்கணுமா?

மோட்டாருக்கு ஜோடி

மேரி ஒருநாள் கடைக்கு வந்துச்சு. வீட்டுக்காரர் அந்தோணிக்கு செப்டிக் டேங்க் சுத்தம் பண்ற வேலை. போன கோடையில அவரோட தம்பி பாகூர் பக்கம் ஒரு டேங்க்ல எறங்கினவர், விஷவாயு தாக்கி உள்ளயே போயிட்டாரு. ஷோகேஸ்ல இருந்த விளையாட்டு ரோபோ வண்டியக் காட்டி, முன்னால ஒரு தகடு கட்டினா இது சேறு தள்ளுமான்னு கேட்டுச்சு. ஒத்தை மோட்டாருக்கு அவ்வளவு தெம்பு கிடையாதும்மா, முக்கிக்கிட்டு நிக்கும்னேன்.

"ஒண்ணால முடியலன்னா ரெண்டு போடுண்ணே. எங்க வூட்ல இன்னும் ஒரு ஆம்பளதான் மிச்சம்."

சிவப்புக்கு சிவப்பு

ஒரே கியர்பாக்ஸ், எதிரும் புதிருமா ரெண்டு மோட்டார். இப்படி வச்சா ஒண்ணுக்கு ஒயரை மாத்திக் குடுக்கணும், அப்பதான் பல்சக்கரம் ஒரே பக்கம் சுத்தும். நம்ம கைதான் கரன்ட் வேலையில ஊறின கையாச்சே! சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்புன்னு பழக்க தோஷத்துல முறுக்கிட்டேன். சுவிட்சைத் தட்டினதும் இது ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, பிளாஸ்டிக் பல்லு மொத்தமும் கொட்டிப்போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பக்கத்துல நின்ன அந்தோணிதான் சிரிச்சாரு.

"இன்னாண்ணே, எங்க வூட்டு சண்டைய உள்ள வச்சு மூடிட்டியா?"

மண்டபத்துல ஒத்திகை

இரும்புப் பல்லு போட்டு, ஒயரை மாத்தி, தண்ணி புகாம மூடி, கயிறு கட்டி, ஒரு கல்யாண மண்டபத்து டேங்க்ல எறக்கினோம். மொதல்ல நல்லாத்தான் தள்ளுச்சு. அப்புறம் எப்படியோ தண்ணி புகுந்து ஒரு மோட்டார் செத்துப்போச்சு. ஒரே கியர்பாக்ஸ்னா இதான் தொல்லை: உயிரோட இருக்கிறது செத்ததையும் சேர்த்து இழுக்கணும். அதுவும் நின்னுடுச்சு. நாங்க இழுத்த இழுப்புல கயிறும் அறுந்துபோச்சு. மண்டபத்து ஓனர் பதறிட்டாரு.

"ஐயையோ, காஸ்ட்லி மெஷினாச்சே! யாராவது ஒரு ஆளு சட்டுனு எறங்கி எடுத்துடுங்கப்பா!"

எறங்கினவர்

அந்தோணி கை சட்டைப் பட்டனுக்குப் போச்சு. பழக்கம், வேறென்ன! கூட வந்திருந்த மேரி அந்தச் சட்டையக் கொத்தாப் புடிச்சு அவரைத் தெரு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போச்சு. நானும், "கெடக்கட்டும் சார், மூடி வையுங்க, யாரையும் எறக்காதீங்க"ன்னு கத்திட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் கடை வாசல்ல ஒரு ஆளு நின்னாரு. முன்னப்பின்ன பார்த்ததில்லை. வண்டியக் கழுவித் துடைச்சு கையில வச்சிருந்தாரு. ஓனர் அவரை டேங்க்ல எறக்கி வண்டிய எடுக்க வச்சாராம். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, இருமல் நிக்கல. உள்ள கூப்பிட்டு உட்கார வச்சேன். வண்டிய மேசை மேல வச்சு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாரு.

"சோக்கா கீதுண்ணே. ஆமா, இது இன்னாத்துக்கு செஞ்சது?"

இப்பல்லாம் யாராவது என்ன தொழில்னு கேட்டா, விளையாட்டுச் சாமான் செய்யறேன்னுதான் சொல்றேன்.