மெலிந்த பிறகு

பெண் பார்க்க அமரவிளையிலிருந்து வந்தவர்கள் பலகாரம் தின்று, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் தரகர் அம்மாவுக்குப் போன் செய்தார். "பெண்ணுக்குத் தடி கொஞ்சம் கூடுதலாக்கும்னு சொல்லுகாவ." அந்த வாரமே அம்மா என்னைப் பாறசாலை ஜங்ஷனில், ஒரு கடையின் மாடியில் இருந்த ஜிம்மில் சேர்த்துவிட்டாள்.

மத்தியானம் பெண்களுக்கான நேரம். சுவரெல்லாம் கண்ணாடி. தொளதொளத்த சுடிதாருக்கு மேல் ஷாலையும் இறுகச் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்பேன். மாதக்கணக்காகப் போயும் எடை இறங்கவில்லை. ஆனால் முதலில் அசைக்கவே முடியாத இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றேன். ஷால் சுற்றுவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. அம்மா மட்டும் தினமும் என் இடுப்பைப் பார்த்து, "மெலியவே இல்லியே மக்கா" என்பாள்.

ஒரு காலையில் அம்மா அடுக்களையில் விழுந்தாள். பக்கவாதம். அப்பா இல்லாத வீடு, நாங்கள் இருவர்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் குளியலறைக்கு நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"விட்டிராத பிள்ளே, விழுந்திருவேன்."

"விழமாட்ட அம்மா. நான் பிடிச்சிருக்கேன்."

முதல் நாள் உடுப்பைக் கழற்றியபோது, அசைகிற ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டாள். "பாக்காத மக்கா. கொள்ளாது, அசிங்கமா இருக்கு."

என்னைப் பெற்றதில் வரிவரியாகத் தளர்ந்து தொங்கிய வயிறு. எத்தனை காலமாக அதை வெறுத்திருந்தாளோ.

"உன் வயிறுதானே அம்மா, அதுக்கென்ன?" என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். மறுநாளும் மூடிக்கொண்டாள். கடைசிவரை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மழைக்காலத்தில் மறுபடியும் பக்கவாதம் வந்து அம்மா போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்ட உடுப்பெல்லாம் தோளில் தொங்கியது. பதினாறாம் நாள் சடங்குக்கு வந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பம் நல்லா மெலிஞ்சு, பாக்க அழகா இருக்கியே. இதக் காண அக்காவுக்குக் குடுத்து வைக்கல்லியே."

கையை விடுவித்துக்கொண்டேன். பின்புறம் போய், பந்திக்கு வைத்திருந்த சோற்று அண்டாவை நகர்த்தப் பார்த்தேன். அம்மாவைத் தூக்கிய கைகளுக்கு அண்டா அசையவில்லை. அங்கேயே ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதுகொண்டே, பல நாட்களுக்குப் பிறகு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.