லாட்ஜுக்குப் பதினாலு கிலோமீட்டர்

பௌர்ணமி மாலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் டீ குடித்துவிட்டு, என் சக்கர நாற்காலியை லாட்ஜ் பக்கம் திருப்புகிறேன். நாலு கடை தள்ளித்தான் லாட்ஜ். சட்டென்று நாற்காலி எதிர்ப்பக்கம் திரும்பி ஓடுகிறது. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேகத்தடையில் முன்சக்கரம் முட்டுகிறது. நான் குப்புற விழாத குறை.

"ஐயா, நிறுத்துங்க! என் லாட்ஜ் பின்னாடி இருக்குங்க."

நிற்கிறார். "கிரிவலத்துல எதிர்ப்பக்கம் போகக் கூடாதுங்க, பாவம்."

"நான் கிரிவலமே வரலைங்க."

"அதனால என்ன? இப்படியே மலைய சுத்தி வந்தா லாட்ஜ் தானா வந்துடும். ஜாஸ்தி தூரம் இல்ல, பதினாலு கிலோமீட்டர்தான்."

இவரிடம் பேசிப் பயனில்லை. இரண்டு பக்கமும் பிரேக்கைப் போடுகிறேன். அவர் மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்க்கிறார். நாற்காலி அசையவில்லை. ஏன் என்று என்னைக் கேட்கலாம். கேட்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறார்.

"அண்ணே, ஒரு கை குடுங்க! பாவம், இவரு வண்டி மாட்டிக்கிச்சு. அப்படியே தூக்கிடலாம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஓடி வருகிறார்கள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.