வானுக்குள் இருக்கும் யப்பான்காரி

மெக்கானிக் வாகனத்தை ஓட்டிப் பார்த்து அதன் வருத்தத்தைச் சொல்வான். வயரிங்காரன் சாவியைத் திருப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பான்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் எனக்கு ஒரு வாகன வயரிங் கடை. யப்பானில் ஓடி முடித்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலேறி வரும் வான்களால்தான் என் சீவியம் போகிறது. அப்படி ஒரு வான் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் யப்பான் மொழியில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். "வணக்கம், கவனமாப் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுறா" என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வந்தேன். யாரும் மறுத்ததில்லை. எனக்கே அது நிச்சயமான உண்மை ஆகிவிட்டது.

சங்கற்பம்

ஒருமுறை புது வான் ஒன்றைப் பூசைக்குக் கோயிலடிக்குக் கொண்டுபோனார்கள். கோர்ன் சரியாக அடிக்கவில்லை என்று சொந்தக்காரருக்குச் சந்தேகம், என்னையும் ஏற்றிக்கொண்டார். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் மந்திரத்தைத் தொடங்கும் நேரம் பார்த்து, ஆர்வம் தாங்காமல் சொந்தக்காரர் சாவியைத் திருப்பிவிட்டார்.

யப்பான்காரி பேசத் தொடங்கினாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, கூப்பிய கையோடு தலையைக் குனிந்து நின்றார். சொந்தக்காரர் பதறிப்போய் அணைக்கப் பார்த்தார். ஐயர் கையால் தடுத்தார். "இருங்கோ, அவவும் ஏதோ சங்கற்பம் சொல்லுறா போல. முடிக்கட்டும், பிறகு நான் தொடங்குறன்."

தொண்ணூறுக்கு மேல் கேட்காத ரேடியோ

என் மனைவி சுமதி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் வேலை செய்தவள். போன வருடம் யப்பான் மொழி வகுப்பில் சேர்ந்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். கொழும்பில் நேர்முகம் வைப்பார்கள், யப்பான் வரலாற்றையும் கேட்பார்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். "இஞ்சாருங்கோ, யப்பான் வானோடதானே கிடக்கிறீங்கள். வாறவையளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்று ஒரு கொப்பியைத் தந்தாள். அவள் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

முதலில் அகப்பட்டவர் வரலாறு படிப்பிக்கும் ஜெசிந்தா ரீச்சர். யப்பான் கார் ரேடியோவில் எஃப்.எம். எண் தொண்ணூறோடு நின்றுவிடும், எங்கள் வானொலி நிலையங்களோ அநேகமாக அதற்கு மேலே. அதைச் சரிசெய்யும்வரை கதிரையில் இருந்து சொன்னார். இருநூறு வருடத்துக்கு மேல் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடாம். ஒருநாள் கரும்புகை கக்கும் கப்பல்களில் வெளிநாட்டார் வந்து, பீரங்கியைக் காட்டித் திறக்கச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு பெடியங்களைக் கடல் கடந்து படிக்க அனுப்பினார்களாம். ரெயில் ஓடிற்று, இரும்பு உருகிற்று. பட்டு ஆலைகளில் கிராமத்துப் பெண்பிள்ளைகள் சுடுதண்ணீருக்குள் கைவிட்டு நூல் இழுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் சொந்தமாகப் போர்க்கப்பல்.

பட்டு நூலில் என் மனம் சிக்கிக்கொண்டது. அந்தப் பிள்ளைகளைப் போகவேண்டாம் என்று வீட்டில் மறிக்கவில்லையா என்று கேட்டேன். ரேடியோவில் அதற்குள் எங்கள் பாட்டு ஒன்று கேட்கத் தொடங்கிவிட்டது. ரீச்சர் காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: "வீடு நிமிரவேணும் எண்டு வீட்டுக்காரரே கொண்டுபோய் விட்டவை, தம்பி."

வெள்ளைப் பெயின்ற்

மத்தியானக் காற்று துறைமுகப் பக்கமிருந்து வரும்போது எனக்குக் கண் சொக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துவிடும். அந்தக் குரலுக்குரிய பெண் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாள். தன் குரல் இந்த ஒழுங்கையில் கேட்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் அப்படிக் கிடந்தபோது கதவால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று. கடைக்கு வெளியே கடதாசி தின்று அலுத்து உள்ளே வந்திருந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் புல்மோட்டை சாஹிர் நானா, கனியமணல் வேலைக்காரர்.

அவருடைய வெள்ளை வானுக்கு றிவேர்ஸ் கமரா பூட்ட வேண்டும். கொப்பியைக் கண்டதும் அவரும் தன் பங்கைச் சொன்னார். யுத்தத்தில் தோற்று, எல்லாம் சாம்பலாகி, தோண்டி எடுக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லாத நாடு. ஊர் ஊராக இரும்புக்கல்லும் மண்ணும் வாங்கிப்போய், ரேடியோ, மோட்டார் சைக்கிள், வான் என்று ஆக்கி, வென்றவர்களுக்கே விற்றது. புல்மோட்டை மணலும் ஒரு காலம் கப்பலில் அங்கே போனதாம். அதிலிருந்து வெள்ளைப் பெயின்ற் செய்யலாமாம். நான் பின்கதவில் துளை போடத் துறப்பணத்தை எடுத்தேன். நானா கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாத்துப் போடுங்க தம்பி, இந்த வெள்ளை எங்கட மண்ணாயும் இருக்கலாம்."

எரிந்த குதம்

கொப்பியில் நடுப்பக்கம் காலியாக இருந்தது. ரீச்சர் போர்க்கப்பலோடு நிறுத்தினார், நானா சாம்பலிலிருந்து தொடங்கினார். இடையில் நடந்ததைச் சொன்னவர் சீனன்குடாவில் எண்ணெய் நிரப்பி வைக்கும் பெரிய இரும்புக் குதங்களில் வேலை செய்யும் சிவா அண்ணன். பலம் கூடக் கூட அவர்களுக்குப் பசியும் கூடியதாம். பக்கத்து நாடுகளைப் பிடித்தார்கள், கடல் முழுக்கத் தங்களுடையது என்றார்கள், கடைசியில் இங்கேயும் வந்தார்கள். துறைமுகத்தில் குண்டு விழுந்தது. ஒரு விமானம் குதம் ஒன்றின் மேலேயே விழுந்து, அது நாள்கணக்காக எரிந்ததாம். உருகி வளைந்த இரும்பு இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது.

போகும்போது அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இதை மட்டும் தங்கச்சிக்குச் சொல்லிப்போடாத. அங்க போய் இதைக் கதைச்சா வேலை கிடையாது."

நேர்முகம்

அன்று பின்னேரமே ஒன்றும் விடாமல் சுமதிக்குச் சொன்னேன். உண்மை என்பதால் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் அதைச் சொல்லி, வேலை கிடைக்காமல் வீட்டோடு நின்றுவிடட்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் மனைவியை வெளிநாட்டுக்கு அனுப்பிய சக பாவிகள் என்னை மன்னிப்பார்கள்.

நேர்முகம் முடித்துக் கொழும்பால் வந்தவள் நேரே குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். கேள்வி கேட்டவர் முதியோர் இல்லத்துக்காரர், தலை முழுக்க நரைத்த மனிதர். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவள் ஊரைச் சொல்லி, உங்கள் விமானங்கள் ஒருமுறை அங்கே வந்தன என்றும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். எனக்கு நெஞ்சு அடித்தது. வேலை போயிற்று என்ற சந்தோசத்தில்தான் அடித்தது. பிறகு அவர் சொன்னதைச் சுமதி சொன்னாள்: "எங்கட ஊரையும் விமானம் வந்து எரிச்சது. என்ர அம்மா அப்ப சின்னப்பிள்ளை. இப்ப அவவைக் குளிப்பாட்ட எங்களிட்ட ஆள் இல்லை. நீங்கள் வாங்கோ."

நீலத் திரை

போகும் அன்று காலையில், சாஹிர் நானா தன் வானையே தந்தார். சுமதி கடைப்பக்கம் வருவதில்லை, யப்பான் வானில் முதன்முதல் ஏறியதும் அன்றுதான். சாவியைத் திருப்பினேன். யப்பான்காரி பேசினாள். சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கவனமாகப் போய்வரச் சொல்கிறாள்தானே என்று கேட்டேன். இல்லையாம். பெருந்தெருவில் காசு கட்டும் கார்ட்டை இன்னும் செருகவில்லை என்கிறாளாம். ஒன்பது வருடம், இத்தனை வான்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. "நீங்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருங்கோ" என்றாள். "அதுதான் நல்லாயிருக்கு."

கடலோர வீதியால் பஸ் நிலையத்துக்குப் போனோம். டாஷ்போர்டுத் திரையில் இருப்பது யப்பான் வரைபடம், எங்கள் ஊர் அதில் கிடையாது. சின்ன அம்புக்குறி ஒன்று வெறும் நீலத்தில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். சுமதி வெளியே பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் நிலையம் தெரிந்ததும் என் கையைப் பிடித்தாள். "பாருங்கோ, நான் இப்பவே கடலுக்கு மேல நிக்கிறன்."

அந்த நாடு எங்கள் துறைமுகத்துக்கு முதலில் குண்டும், பிறகு ரேடியோவும், பிறகு வானும் அனுப்பியது. இப்போது கூட்டிக்கொண்டு போயிருக்கும் என் மனைவியை ரீகண்டிஷன் ஒன்றும் பண்ணாமல், போனபடியே திருப்பி அனுப்பினால் போதும் என்பதுதான் இந்த வயரிங்காரன் படித்து முடித்த உலக வரலாறு.